இரத்தினவேலின் பதினேழாவது பட்டியல்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு இரத்தினவேல் அந்த வாகனக் காட்சியறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். போனவர் இருக்கவேயில்லை. விற்பனைப் பெண் அட்சயா தன் மேசைக்கு முன்னாலிருந்த நாற்காலியை மூன்று தரம் காட்டினாள். மூன்று தரமும் அவர் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார். சுவர்க் கடிகாரம் வரை போவார், அது சரியாக ஓடுகிறதா என்று தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பார், யன்னலுக்குப் போய் ஸ்காபரோவின் நவம்பர் வானத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார், திரும்புவார். அந்த நடையை ஒரே நேர்கோட்டில் நடந்திருந்தால் மனுசன் வடக்கே பாரி நகரத்தையே தாண்டியிருப்பார்.

"அங்கிள், ஃபோர் ஓ க்ளொக்குக்கு சிஸ்டம் லொக் ஆகிடும்," என்றாள் அட்சயா. "பிறகு நான் நினைச்சாலும் ஒரு ஒப்ஷனும் மாத்தேலாது. இப்ப லொக் பண்ணினா கிறிஸ்மஸுக்கு முதல் வண்டி இஞ்சை நிக்கும். சோ, ஃபைனலோ?"

"ஃபைனல்தான் பிள்ளை. பதினேழாவது பட்டியல்தான் ஃபைனல். ஆனா லொக் பண்ணிப்போடாதை."

மூன்று மாதமாக இதுதான் கதை. ஓகஸ்ட் மாதத்து வெயிலில், வியர்வை வழிய வழிய, முதலாவது பட்டியலில் ஸ்ரியரிங்குக்குச் சூடு போட்டவர் அவர். கரடுமுரடான பாதைக்கென்றே செய்த வாகனம் ஒன்றை ஓடர் பண்ணி, அதற்கு என்னென்ன பூட்டுவது என்று யோசித்து யோசித்து ஐந்து இறாத்தல் மெலிந்திருந்தார். தலைமயிர் கொட்டியதும் அதனால்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார். அது கொட்டி முடிந்து இருபது வருடம் ஆகியிருந்தது வேறு விஷயம்.

இவ்வளவு பாடும் ஒரேயொரு காரியத்துக்காக. மகள் நிலாணி தூர வடக்கே ரிமின்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். தை மாதம் பன்னிரண்டாம் திகதி அவளுக்குப் பிள்ளை பிறக்க நாள் குறித்திருந்தது. ரொறன்ரோவிலிருந்து எட்டு மணித்தியால ஓட்டம். அதற்கு மனைவி இராஜேஸ்வரியைத் தன் பக்கத்துச் சீற்றில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். இராஜேஸ்வரி மாட்டேன் என்றுவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. போன மாசியில் பழைய காரில் நிலாணியிடம் போகும்போது, ரெமகாமி என்ற ஊருக்குக் கிட்ட ஒரு வளைவில், கார் ஒரு சுற்றுச் சுற்றி வீதியோரப் பள்ளத்துக்குள் இறங்கி, மிக மரியாதையாகச் சரிந்து படுத்துக்கொண்டது. இழுவை வண்டி வரும்வரை இரண்டரை மணித்தியாலம். அன்றைக்கு உண்மையில் மைனஸ் முப்பத்தொன்று. இரத்தினவேல் போன ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அது ஒவ்வொரு பாகையாக இறங்கி, இப்போது மைனஸ் நாற்பத்தாறில் நிற்கிறது. பள்ளத்துக்குள் இருந்த அந்த நேரம் முழுவதும் இராஜேஸ்வரி பேசியது ஒரே ஒரு வசனம்: "இனி வின்ரரிலை நீங்கள் ஓடுற எதிலையும் நான் வடக்கை வரமாட்டன்."

சொன்னவர் சொன்னபடியே நின்றார். இரண்டு கிழமைக்கு முன் ரிமின்ஸுக்குப் போகும் பஸ்ஸின் நேரங்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தார். பன்னிரண்டு மணித்தியாலப் பஸ். இராஜேஸ்வரியின் வலது முழங்காலோ வசந்தத்தில்தான் புதிதாகப் போட்டது. அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் இரத்தினவேலுக்குப் பால் எடுக்கப்போன கை அந்தரத்தில் நின்றுவிடும்.

ஆகவே, பள்ளமே பயந்து ஒதுங்கும் ஒரு வாகனம். அதைக் கண்டால் இராஜேஸ்வரி மனம் மாறுவார். இது அவருடைய திட்டம். இருபத்தேழு வருடம் மிசிசாகாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்துக்குள், மைனஸ் இருபத்தைந்தில், சாமான் அடுக்கிய பலெட்டுகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய மனுசன். குளிரைப் பற்றித் தனக்குப் பாடமெடுக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் எண்ணம். சுவர் மின்சாரத்தில் கொழுவி எஞ்சினைச் சூடாக்கும் ஹீற்றர் போட்டார். பெரிய பற்றறி போட்டார். சீற்றுக்குச் சூடு, கண்ணாடிக்குச் சூடு. வீட்டுக்குள்ளிருந்தே ஸ்ராட் பண்ணும் வசதி. இதுவரை எல்லாம் நியாயம்தான். அதற்குப் பிறகுதான் நீக்கிலாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

நீக்கிலாப்பிள்ளை அதே களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்த சிநேகிதர். ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே வாழ்நாளில் கால் வைத்ததில்லை. மகன் அங்கே வீடு வாங்கியதால்தான் ஸ்ரௌவ்வில் வரைக்கும்கூடப் போனவர். ஆனால் வட துருவம் அவருடைய கொல்லைப்புறம் மாதிரிப் பேசுவார். சரியாக இரண்டு ஐம்பத்தைந்துக்கு அவருடைய அழைப்பு வந்தது.

"மச்சான், பள்ளத்துக்கை விழுந்தா இழுத்தெடுக்கிற வின்ச் போட்டனியோ?"

"போட்டாச்சு. அஞ்சு தொன் இழுக்குமாம்."

"காணாது. மரத்திலை கொழுவி இழுக்கேக்கை மரம்தான் வரவேணும். வண்டியை உயர்த்துற கிற்?"

"அதுவும் போட்டாச்சு. பெரிய ரயர், பாறை உரசாமல் காக்கிற இரும்புச் சட்டம், கூரைக்கு மேலை ஆறு லைற்..."

"ஆத்துக்காலை போகேக்கை எஞ்சின் மூச்செடுக்கிற குழாய்?"

இரத்தினவேல் குரலைத் தாழ்த்தினார். "தைமாசம் ஆறெல்லாம் உறைஞ்செல்லோடா கிடக்கும்."

"உடைஞ்சா?"

இரத்தினவேலின் நடை நின்றது. உடைந்தால்? அட்சயாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்தக் குழாயையும் போடு."

அட்சயா அழுத்தினாள். பட்டியலில் இருபத்திரண்டாவது வரி விழுந்தது.

மூன்று ஐந்துக்கு இராஜேஸ்வரி வந்தார். அதே பிளாசாவின் மருந்துக்கடைக்குப் போனவரை இங்கே வரச்சொல்லியிருந்தார் இரத்தினவேல். ஒரு கையில் மருந்துப் பை. மற்றக் கை கோட்டுப் பொக்கற்றுக்குள். அந்தப் பொக்கற்றில் எப்போதும் ஒரு தேசிக்காய் இருக்கும். கணவர் பிரேக் பிடிக்கிற விதத்துக்கு வயிற்றைப் பிரட்டும். மூக்கில் வைத்து மணந்துகொண்டால்தான் இராஜேஸ்வரியால் வீடு வந்து சேரமுடியும்.

"இஞ்சை வாருமப்பா, கண்ணை மூடிக்கொண்டு வாரும்!" இரத்தினவேல் காட்சியறையின் நடுவுக்கு ஓடினார். "அச்சொட்டா இதுதான். எங்கடையும் இப்பிடித்தான் வரும். எப்பிடி?"

கறுப்பு நிறத்தில் அது நின்றது. அதன் ரயர் இராஜேஸ்வரியின் இடுப்புக்கு வந்தது. கதவைத் திறந்தால் உள்தரை நெஞ்சுக்கு வந்தது. கொஞ்சம் குறைத்துச் சொன்னாலும் இடுப்புக்கு மேலேதான். இராஜேஸ்வரி சுற்றிப் பார்த்தார். மருந்துப் பையைக் கீழே வைத்தார். கதவைப் பிடித்து இடது காலைத் தூக்கினார். கால் அரைவாசி வழியில் நின்றது. இறக்கினார். வலதைத் தூக்கப் பார்த்தார். புதிய முழங்கால் அந்தளவுக்கு மடியச் சம்மதிக்கவில்லை.

"கையைத் தாரும், நான் தூக்கிவிடுறன்."

"நானென்ன பலெட்டே?"

இருபத்தேழு வருடப் பழக்கம், பொல்லாத பழக்கம். ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் நல்லது என்று இரத்தினவேலின் மனதில் உண்மையிலேயே ஓடியது. நல்லகாலம் வாய்க்கு வரவில்லை. அட்சயா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூலைக் கொண்டுவந்து வைத்தாள்.

இராஜேஸ்வரி ஸ்ரூலைப் பார்த்தார். "உதையும் ரிமின்ஸ் மட்டும் கொண்டு போறதோ? வழியிலை கோப்பிக் கடையிலை இறங்கிறன். திரும்பி ஏற, ஐஸுக்கு மேலை ஸ்ரூலை வைச்சு, நீங்கள் பிடிக்க, நான் ஏற, கடைக்குள்ளை இருக்கிறவை கை தட்டவோ?"

"இல்லையப்பா..."

"எத்தினை ஒப்ஷன் போட்டிருக்கிறியள்?"

"இருபத்திரண்டு." கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது.

"அதிலை எனக்கு எத்தினை?"

இரத்தினவேல் தலைக்குள் பட்டியலை மேலிருந்து கீழே ஓடினார். பிறகு கீழிருந்து மேலே. "உம்மடை சீற்றுக்கு... சூடு."

"ஏறி இருந்தாத்தானேயப்பா சூடு."

மூன்று மாதம், பதினேழு பட்டியல். உடைந்த ஆற்றைக் கடக்கக் குழாய் போட்டவருக்குப் பெண்சாதி எப்படி ஏறுவாள் என்று ஒருநாளும் யோசனை வரவில்லை. கேட்கவுமில்லை. இராஜேஸ்வரி போய், கணவர் ஒருதரமும் இருக்காத அந்த நாற்காலியில் வசதியாக இருந்து, கைத்தொலைபேசியை எடுத்தார்.

"பஸ்ஸிலை மூண்டு படி. ரெண்டு பக்கமும் கைபிடி. டிக்கெற்றை இப்பவே எடுத்துவிடுறன்."

"பத்து நிமிசம்!" என்று கத்தினார் இரத்தினவேல். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "பத்து நிமிசம் பொறும்!"

இராஜேஸ்வரி தொலைபேசியை மடியில் வைத்தார்.

மூன்று முப்பத்தொன்று. "படி போடு பிள்ளை. இரண்டு பக்கமும் போடு."

அட்சயா அழுத்தினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. "அங்கிள், படியும் அந்தப் பாறைச் சட்டமும் சேந்து வராது."

"சட்டத்தைக் கழற்று."

"சட்டம் போனா உயர்த்துற கிற்றும் போகும். ஒரே பக்கேஜ்."

"போகட்டும்."

"கிற் போனா அந்தப் பெரிய ரயர் பொருந்தாது. அந்தக் குழாயும் போகும். கூரை லைற்..."

ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் இரத்தினவேல் பல் பிடுங்குகிறவரின் நாற்காலியில் இருப்பவர் மாதிரிக் கண்ணை மூடித் திறந்தார். கடைசியாக வின்ச் மிஞ்சியது. அதன் படத்துக்கு மேல் அட்சயாவின் விரல் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொக்கற்றுக்குள் தொலைபேசி அதிர்ந்தது. நீக்கிலாப்பிள்ளை. இரத்தினவேல் அதை எடுத்து, திரையைப் பார்த்து, நிறுத்திவிட்டு, "அதையும் எடு," என்றார். குரல் உடைந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த அன்றைக்குக்கூட அப்படி உடையவில்லை.

அட்சயா திரையை உற்றுப் பார்த்தாள். "அங்கிள்... இவ்வளவு மாத்தினதாலை எங்கடை இடம் பின்னுக்குப் போயிட்டு. இனி வண்டி வாறது மாசிக் கடைசியிலை."

"குழந்தை தைமாசம் பன்னிரண்டு!"

"அது ஃபாக்டரிக்குத் தெரியாது, அங்கிள்."

மூன்று நாற்பத்தாறு. பழைய பட்டியலை லொக் பண்ணினால் வண்டி வரும், இராஜேஸ்வரி வரமாட்டார். புதியதைப் பண்ணினால் இராஜேஸ்வரி ஏறுவார், ஏற வண்டி இராது. இரத்தினவேலால் காட்சியறைக்குள் நிற்க முடியவில்லை. தொப்பியும் இல்லாமல் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். காற்று காதைப் பிடித்துத் திருகியது. வரிசை வரிசையாக வெள்ளை, கறுப்பு, சாம்பல். அவற்றைச் சுற்றி இன்னொரு நடை.

கடைசி வரிசையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், அது நின்றது.

வெட்டிய பீற்றூட்டின் நிறம். மங்கிய பீற்றூட் இல்லை, அப்போதுதான் வெட்டி, கையெல்லாம் சாயம் ஒட்டுமே, அந்த நிறம். விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். விமானி பாதை மாறினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் இரத்தினவேலின் கண் நிறத்தில் நிற்கவில்லை. கதவுக்குக் கீழே அகலமான படி. கதவோடு விரிந்து மடங்குகிற வகை இல்லை. அந்த வகை உறைந்து இறுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். இது அசையாத இரும்பு, முள்ளு முள்ளாக, துளையோடு. ஏறி நின்று மிதித்தார். ஐஸ் துளைகளால் பொலபொலவென்று கீழே கொட்டியது. முன்னால் குனிந்தார். எஞ்சின் ஹீற்றரின் வயர் தொங்கியது. உள்ளே கதவோரம் உறுதியான கைபிடி. வின்ச் இல்லை. குழாயும் இல்லை.

அட்சயா கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். "அங்கிள், அது ஒரு டென்ரிஸ்ற் ஓடர் பண்ணினது. என்னையும்விடக் கட்டையான ஆள். எல்லாம் பாத்துப் பாத்துப் போட்டவ. வந்த பிறகு கலரை நேரிலை கண்டிட்டு, வேண்டாம் எண்டிட்டா. எல்லாரும் பாக்கினம், சிரிக்கினம், போயினம்."

"கூப்பிடு என்ரை மனுசியை!"

இராஜேஸ்வரி வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். இடது காலைப் படியில் வைத்து, கைபிடியைப் பிடித்து, திரும்பி, இருந்தார். நாலு விநாடி. யாரும் தொடவில்லை. கதவை இழுத்துச் சாத்தினார்.

இரத்தினவேல் வெளியே நின்றார். காது இரண்டும் கழன்று விழுந்துவிட்டன என்றே நினைத்தார். கண்ணாடிக்குள்ளே இராஜேஸ்வரி பொத்தான்களைத் தேடுவது தெரிந்தது. அட்சயா மற்றப் பக்கத்தால் ஏறி எஞ்சினை ஸ்ராட் பண்ணினாள். கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்கியது.

"சீற் சுடுது," என்றார் இராஜேஸ்வரி.

"நிறம்?"

"உள்ளுக்கை இருக்கிற எனக்கு நிறம் தெரியுமே? வெளியிலை நிக்கிறவைக்குத்தான் உந்தக் கவலை."

"வின்ச் இல்லையப்பா இதிலை."

"பள்ளத்துக்கை விழாமல் ஓடினா வின்ச் என்னத்துக்கு?"

மூன்று ஐம்பத்தெட்டு. அட்சயா தலையை வெளியே நீட்டினாள். "அங்கிள், பதினேழாவது பட்டியல்?"

"கிழிச்செறி பிள்ளை. இது போதும்."

சனிக்கிழமை காலை வண்டியைப் பாரமெடுத்தார்கள். இரத்தினவேல் சந்தனம், குங்குமம், கற்பூரம், கற்பூரம் காற்றில் அணைந்தால் கொளுத்த மூன்று லைற்றர் என்று எல்லாம் கொண்டுவந்திருந்தார். சந்தனம் பூசினார். பீற்றூட்டுக்கு மேல் அது எடுப்பாகத்தான் இருந்தது. பிறகு ரயரைப் பார்த்தார், நெற்றியில் அடித்தார்.

"தேசிக்காய்! நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய் வைச்செல்லோ நசிக்கவேணும்! மறந்துபோனன். கடைக்கு ஓடிட்டு வாறன்."

"நில்லுங்கோ," என்றார் இராஜேஸ்வரி. கோட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, அந்த ஒரேயொரு தேசிக்காயை எடுத்து நீட்டினார். "முன் ரயருக்கு வையுங்கோ. ஒண்டு காணும்."

இரத்தினவேல் வாங்கவில்லை. "பிறகு வழியிலை எதை மணக்கிறது?"

"மெதுவா ஓடுங்கோ."

தேசிக்காய் ரயருக்குக் கீழே 'பச்சக்' என்று நசிந்தது. மார்க்கம் வீதியில் இரத்தினவேல் ஓடிய ஓட்டத்தில், கைத்தடியோடு நடைபாதையில் போன ஒருவர் இரண்டு தரம் அவர்களை முந்தினார். பின்னால் ஸ்ரீல்ஸ் சந்தி வரைக்கும் ஹோர்ன் சத்தம். இரத்தினவேல் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை. இரண்டு கையும் சூடான ஸ்ரியரிங்கில் ஒட்டியிருந்தன. சிவப்பு விளக்கு வருகிறதென்று அடுத்த சந்தியிலேயே தெரிந்துகொண்டு, பிரேக்கைப் பூப்போல மிதித்தார்.

இராஜேஸ்வரி சீற்றின் சூட்டை ஒரு புள்ளி கூட்டினார்.

"பிள்ளை பன்னிரண்டாம் திகதி எண்டா, நாங்கள் எட்டாம் திகதி வெளிக்கிடுவம்," என்றார். "இந்த வேகத்துக்கு நாலு நாள் வேணும்."