ஒன்று புள்ளி ஏழு ஆறு

மறுபடியும் ஒன்று புள்ளி மூன்று ஐந்து, இது நாலாவது தடவை, வோல்ட்டேஜை மாற்றிப் பார்த்தாயிற்று, கரண்ட்டைக் கூட்டிக் குறைத்தாயிற்று, கண்ணாடிக் குமிழுக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றுமே தெரியாததுபோல நீல வளையமாகச் சுற்றுகின்றன... எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம், வரவேண்டியது ஒன்று புள்ளி ஏழு ஆறு, புத்தகத்தில் இருப்பது, இந்த ஆய்வகத்தில் வருஷா வருஷம் எல்லாருக்கும் தப்பாமல் வந்தது, நேற்றைய தேர்வில் அந்த ஒரு பெண்ணைத் தவிர. மூணு தடவ அளந்தேன் மேடம், மூணு தடவையும் இதான் வந்துச்சு என்று அவள் கண்கலங்கி நிற்க, அளக்கத் தெரியலன்னா அழுது என்னம்மா பண்றது என்று கேட்டு எத்தனை மிடுக்காகச் சைபர் போட்டாள் இவள்! பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட துறைத் தலைவர், இவளுடைய வீட்டுக்காரர்தான், வாயைத் திறந்தாரா? அந்தப் பெண்ணின் முகம் உறுத்தியதால்தானே காலையில் முதல் ஆளாக வந்து கருவியைப் போட்டுப் பார்க்கிறாள். பதினோரு மணிக்கு மார்க் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், போனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் பாழ்.

கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார், "சைடுல இருக்கிற கம்பிச் சுருள்ல ஒண்ணு உள்ளுக்குள்ள ஷார்ட்டு மேடம். கால்வாசி சுத்து வேலையே செய்யாது, சரியான விடை எப்படி வரும்? நான் சேர்ந்த நாள்லேருந்தே அப்படித்தான். உங்க வீட்டு சாருக்குத் தெரியுமே, இங்க படிக்கிறப்பவே என்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரே."

படிக்கிறப்பவேவா? போன் போட்டாள். "ஏங்க, அந்தச் சுருள் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?" அவர் சிரித்தார், "இதுக்கா போன் பண்ண? புத்தக விடையிலேருந்து பின்னாடி கணக்குப் போட்டு அளவை எழுதறது எல்லாரும் செய்யறதுதான். அந்தப் பொண்ணுக்குச் சாமர்த்தியம் பத்தல, விடு." விடுவதாம்! பட்டியலில் சைபரை அடித்து இருபது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள், திருத்தத்துக்காக அவரும் மறுபடி கையெழுத்துப் போடவேண்டிய இடம் பக்கத்தில் காலியாக இருந்தது, போடுவார், போடாமல் எங்கே போவார்... ஆனால் அன்றைக்கு, இதே மேசையில், இரண்டு பேரும் சோதனைக் கூட்டாளிகளாக இருந்த அன்றைக்கு, நான் பாத்துச் சொல்றேன், நீ எழுதிக்கோ என்றாரே, எழுதினாளே, விடை கச்சிதமாக வந்த சந்தோஷத்தில்தானே முதன்முதலாக அவர் கையைப் பிடித்தாள்? வளையத்தின் விட்டமென்று எட்டு அளவு சொன்னார், எட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த பொய். அதைக்கூட மன்னித்துவிடலாம், இருபது வயசுப் பையன்... ஆனால் ஐந்தாவது அளவில், குமிழுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு கண்ணை மூடி, இல்ல இல்ல, இரு, என்று நிறுத்தி, மறுபடி பார்த்து ஒரு மில்லிமீட்டர் திருத்திச் சொன்னாரே, அது எதற்கு? அந்த நிதானத்தைப் பார்த்துத்தானே இவர் பொய் சொல்லமாட்டார் என்று முடிவு கட்டினாள். இன்றைக்கும் வீட்டில் எது கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.