மறுபடியும் இடித்த கதவு

பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்திய அறையின் கதவு காலையில் நிலையில் இடித்தது. ரெய்னோ லாத்தி ஏணி போட்டு ஏறினார், இழைப்புளியால் கதவின் மேல் விளிம்பைச் சீவிவிட்டார், இறங்கிப் போய்விட்டார். மழை ஈரத்தில் மரம் ஊதும். இதற்கெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

சாயங்காலம் அதே கதவு மறுபடியும் இடித்தது.

ஊரில் இருக்கிற மூன்று பள்ளிக்கூடங்களின் கூரை, கொதிகலன், படிக்கட்டு, தீ மணி எல்லாம் அவர் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்ப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். அந்தத் தலையாட்டலை ரெய்னோ நம்புவதில்லை. அவர் நம்புகிற ஆள் யாரும் கிடையாது, தன்னைத் தவிர.

அந்த வாரம் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டு கொட்டென்று கொட்டியது. விளையாட்டுக் கூடத்தின் உயரமான கூரைமேல் ஆட்களை ஏற்றி அள்ளச் சொன்னார். தரையில் தள்ளினால் பின்வாசல் புதைந்துவிடும். பக்கத்திலேயே தாழ்வாக நடைக்கூடத்தின் கூரையும் பேண்டு அறையின் கூரையும் இருந்தன. "அதுமேலயே தள்ளுங்கடா, தாங்கும்" என்றார். தள்ளினார்கள். நேற்று ராத்திரி முழுக்க மழை. அத்தனை தண்ணீரையும் அந்தப் பனி பஞ்சு மாதிரி குடித்துவிட்டு மேலேயே கிடந்தது.

இப்போது அவர் கதவை மெல்லச் சாத்திப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் இடைவெளி சரியாக இருந்தது. நடுவில்தான், அவர் காலையில் சீவிய அதே இடத்தில், நிலையின் மேல்கட்டை தொந்தி போட்ட மாதிரி இறங்கிக் கதவைத் தொட்டது.

கதவு ஊதவில்லை. கூரை இறங்குகிறது. காலையிலேயே கதவு சொல்லியிருக்கிறது, அவர்தான் அதன் வாயைச் சீவிவிட்டுப் போயிருக்கிறார்.

உள்ளே பிள்ளைகள் ஊதுகுழல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நடைக்கூடத்தில் டிக்கெட் வரிசை. கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊரில் கடைசிக் கூடைப்பந்து ஆட்டம். பாதி ஊர் வந்தாகிவிட்டது, மீதி வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் இதே மாதிரி ஒரு ஆட்டத்தில் கேஸ் நாற்றம் என்று சொல்லி எல்லாரையும் பனியில் நிறுத்தினார். யாரோ பாப்கார்னைக் கருக்கிய நாற்றம் அது. இன்னும் ஊர் சிரிக்கிறது. சத்தமில்லாமல் இரண்டு ஆட்களை ஏற்றி அள்ளிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். அந்தக் கூரைமேல் இன்னும் இரண்டு ஆட்களா? நேரே விளையாட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

மூன்று பள்ளிகளுக்கும் மேலதிகாரியான டார்லீன் பெல்க்கி அங்கே கடைசி வருஷப் பிள்ளை ஒருவனின் தாய்க்கு மரியாதையாக அவள் கோட்டில் பூ குத்திக்கொண்டிருந்தாள்.

"டார்லீன், நடைக்கூடத்தையும் பேண்டு அறையையும் காலி பண்ணணும். இப்பவே."

"கூரையா?"

"கூரைதான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. தெரியணும்னா அது கீழ நின்னுதான் பாக்கணும்."

அவள் பூவை அந்தத் தாயிடமே கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினாள். தீ மணியை மட்டும் தொடாதே என்றார் அவர். மணி அடித்தால் நடைக்கூடம் வழியாக ஓடத்தான் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பின்வாசல் வழியாகப் போகும்படி அவள் மைக்கில் சொன்னாள். பின்வாசல் தடையில்லாமல் திறந்தது. பனியை அந்தப் பக்கம் தள்ளாததால்தான் திறந்தது. அதை நினைத்து அவரால் நிம்மதிப்பட முடியவில்லை.

பேண்டு அறைக் கதவு அதற்குள் நன்றாக இறுகிவிட்டது. தோளால் இடித்துத் திறந்தார். மேலே யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம். பேண்டு வாத்தியார் காஃப், பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் புதுசாக வாங்கிய பெரிய டிரம்மை உருட்டப் பார்த்தார்.

"அதை விட்டுட்டு வாய்யா" என்று அவரைச் சட்டையோடு பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார் ரெய்னோ.

வெளியே மழை. கோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஊரே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. கூரை அப்படியே இருந்தது. டிக்கெட் கொடுக்கிற எல்வுட், "ஏன்பா ரெய்னோ, இன்னைக்கு யாரு பாப்கார்னைக் கருக்கினது?" என்றான். சிரிப்பு ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குப் பரவியது. விழுந்து தொலையேன் என்று அவர் மனசு சொன்னது. சொன்னதற்கு வெட்கப்பட்டார்.

பேண்டு அறையின் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. பிறகு அடுத்தது. யாரும் சொல்லாமலே ஜனம் பின்னால் நகர்ந்தது. கூரையின் நடு மெல்லக் குழிந்தது, அப்புறம் மொத்தமாக உள்ளே போனது. பெரிய டிரம் ஒரே ஒரு தடவை டும் என்றது.

வாத்தியார் காஃப், பிள்ளைகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். எல்வுட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

டார்லீன் நனைந்த தலையோடு ரெய்னோவிடம் வந்தாள். "அவ்வளவு பனி அங்க எப்படி வந்துச்சு?"

ஏரிக்காற்று என்று சொன்னால் போதும், ஊரே நம்பும். அள்ளிய ஆட்களும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"நான்தான் தள்ளச் சொன்னேன்" என்றார். "காலையிலேயே கதவு இடிச்சுச்சு. இழைச்சு விட்டுட்டுப் போயிட்டேன்."

அவள் இடிந்து கிடந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். "ஸ்கூல் போர்டுலயும் இதை இப்படியே சொல்லணும்."

"சொல்றேன்."

"மத்த ரெண்டு பள்ளியிலயும் இப்படித்தான் தள்ளினீங்களா?"

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்க வேண்டாம். போய்ப் பாருங்க."

வண்டிச் சாவியை எடுத்தார். இதுவரை தான் நம்பிய ஒரே ஆளையும் இனி நம்பாமல், ஒவ்வொரு கதவாகச் சாத்திப் பார்க்கக் கிளம்பினார்.