ஹேமநாதனின் இரண்டு வலைப்பூக்கள்

திருத்தணிக்கு வெளியே அரக்கோணம் சாலையில் இருக்கும் கலைக்கல்லூரியில் ஹேமநாதன் நூலகர். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பும் உண்டு, நூலகத்தில் வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி என்று. அந்த வகுப்புக்காக ஒரு வலைப்பூ தொடங்கலாமென்று ஜூன் மாதம் அவருக்குத் தோன்றியது. கூடவே, மனதில் பட்டதை எழுதத் தனக்கென்று இன்னொன்று.

எந்தத் தளத்தில் தொடங்குவது என்பதிலேயே ஆறு வாரம் போயிற்று. பிளாகரா, வேர்ட்பிரஸா, பெயர் வாயில் நுழையாத இன்னும் நான்கா? தமிழ் எழுத்து எதில் உடையாமல் வரும், பிள்ளைகளின் கைபேசியில் எது சீக்கிரம் திறக்கும் என்று பதினேழு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால் எல்லாமே ஒன்றுக்கொன்று அரை மதிப்பெண் தள்ளி நின்றன.

"என்னைக் கட்டிக்கறதுக்கு நீங்க அரை நாள்கூட யோசிக்கல பாவா," என்றாள் மனைவி கல்பனா. அத்தை மகள் என்பதால் விவரம் தெரிந்தவள்.

கடைசியில், ஒரே கடவுச்சொல்லில் இரண்டு வலைப்பூ வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக ஒன்றைப் பிடித்தார். பதிவு வெளியானதும், பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் அது மின்னஞ்சலில் முழுசாகப் போய்ச் சேரும் என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது. வகுப்பு வலைப்பூவுக்கு அறுபத்திரண்டு மாணவர்களையும் பெயர் கொடுக்க வைத்தார். கல்லூரி முதல்வரும் பெருந்தன்மையாகச் சேர்ந்துகொண்டார்.

வகுப்பு வலைப்பூவில் 'இரண்டே நிமிடத்தில் புத்தகம் எடுப்பது எப்படி' என்று எழுதினார். எழுதியதோடு நின்றிருக்கலாம். மறுநாள் வகுப்பில் செய்தும் காட்டினார். சாயத்தொழில் பற்றிய புத்தகம் ஒன்றை அம்மையார்குப்பத்து மாணவி பானுப்ரியா கேட்டாள். எண்ணைப் பார்த்து நேரே அலமாரிக்குப் போனார். அங்கே இல்லை. நாற்பது நிமிடம் தேடிய பிறகு, அவர் மேசை விசிறியின் அடியில் கிடைத்தது. விசிறி ஆடாமலிருக்கப் போன வாரம் அவரே முட்டுக் கொடுத்தது. அது நினைவுக்கு வந்த அதே நொடியில் அவர் வாய், "கங்காதரன், புத்தகத்தை இப்படியா வைக்கறது?" என்றது.

நூலக உதவியாளர் கங்காதரனுக்கு ஐம்பத்தைந்து வயது. கே.ஜி.கண்டிகையிலிருந்து பேருந்தில் வருபவர். புத்தகத்தை வாங்கித் துடைத்துப் பானுப்ரியாவிடம் கொடுத்தார்.

ஆடிக் கிருத்திகைக்குக் கல்லூரி விடுமுறை. காவடிக் கூட்டத்தில் தெருவில் இறங்க வழியில்லாமல் வீட்டிலிருந்த ஹேமநாதனின் மனதை அந்த வகுப்பில் நடந்தது அரித்தது. சொந்த வலைப்பூவில் எழுத உட்கார்ந்தார். 'இருபது வருடமாக நூலகர் நான். புத்தகத்தால் எனக்கு நேரடியாக ஒரு பயன் கிடைத்தது விசிறிக்கு முட்டுக் கொடுத்தபோதுதான். பழி போட நூலக உதவியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்தார், போட்டுவிட்டேன்.' படிக்க ஆளில்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு வசதி என்று அவருக்கே சிரிப்பு வந்தது. வெளியிட்டார்.

பத்தாவது நிமிடம் முதல்வர் அழைத்தார். "ஹேமநாதன், மெயில் வந்துச்சு. வேற ஃபேன் வாங்கித் தரட்டுமா?"

எந்த வலைப்பூவில் எழுதுகிறோம் என்பது திரையின் உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்தது. பதினேழு கட்டம் போட்டவர் அதைப் பார்க்கவில்லை. அவசரமாக வகுப்பு வலைப்பூவிலிருந்து பதிவை அழித்தார். போன மின்னஞ்சல் போனதுதான்.

மறுநாள் மூன்று விதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். கங்காதரன் நாளிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்த மூன்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அன்னிக்கு நான் பண்ணது தப்புங்க."

"ஆங். பானுப்ரியா பஸ்ஸுல படிச்சிக் காட்டுச்சி சார்."

"நான்தான் வச்சேன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"நீங்க வைக்கும்போது விசிறியப் புடிச்சிகினு இருந்ததே நான்தான்."

ஹேமநாதன் உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஏன் சொல்லல?"

"அத்தினி பசங்க எதிர்ல எப்டி சார் சொல்றது? நீங்க என்னச் சொன்னீங்க. நான் உங்களச் சொல்லல."

குரலில் கோபமில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. கங்காதரன் கடைசி நாளிதழையும் மடித்து வைத்தார்.

"அழிச்சிட்டீங்களாமே. என் பொண்ணுக்குக் காட்டலாம்னு பார்த்தேன், காணோம். திருப்பிப் போடுங்க."

"என்னோட சொந்த வலைப்பூவுல போட்டுடறேன்."

"அத யாரு பார்ப்பா? பசங்க பார்க்கற எடத்துல போடுங்க."

ஆறு வாரம் யோசித்தவருக்கு இந்த முறை யோசிக்க அவகாசமில்லை. கங்காதரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மின்னஞ்சலில் இருந்ததை எடுத்து வகுப்பு வலைப்பூவில் ஒட்டி, ஹேமநாதன் உரக்கப் படித்துக் காட்டினார். தன்னைத் தானே கிண்டல் செய்த வரிகளுக்குக் கங்காதரன் சிரிக்கவில்லை. பழி போட்ட வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உதவியாளர்னா யாருன்னு தெரியும்? பேரு போடுங்க சார்."

ஹேமநாதன் அந்த இடத்தை அழித்துவிட்டு, 'ம கங்காதரன்' என்று அடித்தார். 'ம'வுக்குப் பிறகு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதையும் கங்காதரன் விரல் வைத்துக் காட்டினார்.