ரோல் நம்பர் இருபத்துமூன்றுக்குச் செய்தி இல்லை

உங்களிடம் ஒரு செய்தி இருக்கிறதா? சின்னதாக இருந்தாலும் போதும். மூன்று வரி. உங்களுக்கே நடந்ததாக இருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை இப்படி ஒன்றைத் தேடித்தான் திரிந்தேன். மறுநாள் என் முறை.

அஞ்சாங்கிளாஸ் பி-யில் நாங்கள் முப்பத்தொரு பேர். தென்காசிப் பக்கம் பள்ளிக்கூடம். படித்து முடித்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. காலைப் பிரார்த்தனை மட்டும் இன்னும் முடியவில்லை. தினமும் ஒன்பது இருபதுக்குத் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கும். யார் எந்த ஊரில் இருந்தாலும் எழுந்து நிற்போம். வாழ்த்துப் பாடுவோம். உறுதிமொழி எடுப்போம். பிறகு ஒருவர் செய்தி வாசிப்பார். ரோல் நம்பர் வரிசை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. மழைக்கும் லீவு உண்டு. ஆனால் முப்பத்தொரு பேர் ஊரிலும் ஒரே நேரத்தில் பெய்ய வேண்டும். இதுவரை ஒரு தடவை பெய்திருக்கிறது.

நான் லூதியானாவில் ஒரு ஸ்வெட்டர் கம்பெனியில் பொத்தான் சரிபார்க்கிறேன். எனக்கு மணி எக்ஸ்எல் சைஸ் ஸ்வெட்டரின் வலது கைக்குள் கேட்கும். வலது கையில் கேட்பேன். இடது கையில் பேசுவேன். எல் சைஸிலும் கேட்கும், இரைச்சல் அதிகம்.

எல்லோருக்கும் நல்ல நல்ல செய்திகள் நடக்கின்றன. ரோல் நம்பர் நாலின் மகள் நீச்சல் கற்றுக்கொண்டாள். இப்போது வீட்டுக்குள்ளும் நீந்தித்தான் போகிறாள். ஏழாம் நம்பர் வீட்டு மாடியைப் பக்கத்து வீட்டார் ஒரு விசேஷத்துக்கு வாங்கிப் போனார்கள். பெருக்கித் துடைத்துத் திருப்பித் தந்தார்கள். பதிமூன்றாம் நம்பருக்கு மறுபடியும் கல்யாணம். அதே மாப்பிள்ளை. இசக்கிராஜா சங்கரன்கோவில் ஸ்டேஷனில் எடை பார்க்கும் மெஷினாக இருக்கிறான். பரீட்சை எழுதித்தான் போனான். போன மாதம் அவனுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் கை தட்டுவோம். முப்பத்தொரு ஊரிலும் கேட்கும்.

எனக்குப் பதினோரு வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை. முன்பெல்லாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய செய்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாசித்தேன். கையிருப்பு போன வருஷக் கடைசியில் தீர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் மாடத்தி என்னை ஸ்வெட்டரில் நிறுத்தி வைத்தாள். அவள்தான் அன்றைக்கும் கிளாஸ் லீடர், இன்றைக்கும்.

"நயினாரு, நாளைக்கு நீ. தெரியும்லா?"

"தெரியும்."

"என்ன வச்சிருக்க?"

"இங்க பனி."

"அது வானிலை. வானிலைக்கு ஸ்டீபன் இருக்கான். அவன் பொழப்புல நீ ஏன் கைய வைக்க?"

ஸ்டீபன் குறுக்கே வந்தான். "வச்சுட்டுப் போறான் மாடத்தி. பாவம்."

"நீ சும்மா கெட. ஏல நயினாரு, போன தடவ என்ன வாசிச்ச?"

"பனி."

"அதுக்கு முந்தி?"

"பனி இல்ல."

"இது மூணாவது தடவ. பால்துரைக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்லா?"

தெரியும். மூன்று தடவை செய்தி இல்லை என்றால் பெஞ்சில் மற்றவர்கள் நகர்ந்து அவன் இடத்திலும் உட்கார்ந்துவிடுவார்கள். கோபத்தில் இல்லை. இடம் இருந்தால் நகரத் தோன்றும், அவ்வளவுதான். பெஞ்சு பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கிறது. ஆனால் நாங்கள் எங்கே உட்கார்ந்தாலும் அதில்தான் உட்கார்கிறோம். பால்துரை நாகர்கோவிலில் நாலு வருஷமாக நிற்கிறான். காலி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறான். அவன் உட்காரும்போது நாற்காலி கொஞ்சம் தள்ளிப் போய்விடும். தூங்குவதும் நின்றபடிதான். பிரார்த்தனைக்கு மட்டும் அது வசதி.

என் இடம் மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். லூதியானாவில் அது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதைத் தவிர எனக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

"இப்ப என்ன செய்ய?" என்றேன்.

"செய்தி இல்லன்னா இல்லன்னு சான்று வாங்கிட்டு வா. சான்று இருந்தா வாசிக்காண்டாம். எடமும் போவாது." பிறகு கேட்டாள். "நெசமாவே ஒண்ணும் நடக்கலியால ஒனக்கு?"

"பொத்தான் பாக்கேன். ரூமுக்குப் போறேன். பெறகு வந்து பொத்தான் பாக்கேன்."



அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அந்த ஸ்வெட்டரையே மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முதலில் நானே ஏதாவது நடக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு விளக்குக் கம்பத்தில் மோதப் போனேன். கம்பம் விலகி வழி விட்டது. மரியாதையான கம்பம். பக்கத்து அறைக் கதவைத் தட்டினேன். திறந்தால் உள்ளே என் அறைதான் இருந்தது. நான்தான் இல்லை.

சான்று அலுவலகத்துக்குப் போனேன். அது காய்கறிச் சந்தைக்கு மேல் மாடியில் இருக்கிறது. விண்ணப்பம் கொண்டுவருகிறவரின் ஊர்ப் பேச்சில்தான் பேச வேண்டும் என்று அங்கே சுற்றறிக்கை. நாலாம் நம்பர் கவுண்டர் நடைபாதையின் கடைசியில் என்றார்கள். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. பன்னிரண்டு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். இரண்டு மணிக்கு நடுவில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டு நடந்தேன். மூன்றரைக்குக் கவுண்டர் வந்தது. அதுவும் கொஞ்ச தூரம் எதிரில் வந்திருந்தது.

"என்ன வேணும் வே?" என்றார் கிளார்க்.

"ஒண்ணும் நடக்கலன்னு ஒரு சான்று வேணும் அண்ணாச்சி."

"எப்ப இருந்து?"

"பதினோரு வருஷமா."

பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காச்சல் கீச்சல்?"

"வரல."

"வாய்ச்சண்ட?"

"அதுக்கு ஆள் வேணும்லா."

"சொப்பனம்?"

"பொத்தான் வரும்."

"வந்து என்ன செய்யும்?"

"அதுபாட்டுக்கு இருக்கும்."

"சுத்தமான கேஸு வே. நான் சர்வீஸ்ல பாத்ததே இல்ல." அவர் ஒரு நீலப் படிவத்தை எடுத்தார். "பத்து வருஷம் தாண்டுச்சுன்னா நெரந்தரச் சான்றே குடுத்துரலாம். ஒருக்கா குடுத்தாச்சுன்னா நீரு திரும்ப அலைய வேண்டாம். இனிமேப்பட்டு ஒமக்கு ஒண்ணும் நடக்கவும் நடக்காது. சந்தோஷந்தான?"

ஸ்டூலை நினைத்துக்கொண்டேன். "சந்தோஷந்தான்."

"ரெண்டு சாட்சி வேணும். ஒம்ம நல்லாத் தெரிஞ்ச ஆளுவ. அஞ்சு மணிக்குள்ள."

லூதியானாவில் என்னைத் தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்காரர் என்னை எனக்கு முன்னால் குடியிருந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ரொம்பப் பழக்கம்.

இடது கையை வாய்ப் பக்கம் கொண்டுபோனேன்.

"மாடத்தி. ரெண்டு ஆளு வேணும். என்னயத் தெரிஞ்ச ஆளுவ."

"எதுக்கு?"

"எனக்கு ஒண்ணும் நடக்கலன்னு சொல்லதுக்கு."

"எப்ப?"

"அஞ்சு மணிக்குள்ள."

"இரு. யாரு வாரான்னு கேக்கேன்."

ஸ்வெட்டருக்குள் ஒரே சத்தம். யாரோ யாரையோ தள்ளினார்கள். "நீ போன கல்யாணத்துக்கே போனல்ல" என்று ஒரு குரல் கேட்டது.

நாலு பத்துக்கு என் வலது கைக்குள் குறுகுறுத்தது. முதலில் ஒரு குடைக் கம்பி வந்தது. பிறகு ஸ்டீபன் வந்தான். உயர வரிசையில்தான் வந்தார்கள். அஞ்சாங்கிளாஸ் உயரம். அன்றைக்கு ஸ்டீபன்தான் குட்டை. இப்போது ஆறடி. ஆனாலும் முதலில் வந்தான்.

"எங்கல பனி?" என்று சுற்றிலும் பார்த்தான்.

"வெளிய."

"நல்ல வேள. இல்லாம வந்துட்டமோன்னு பாத்தேன்."

பின்னால் வந்துகொண்டே இருந்தார்கள். பதிமூன்றாம் நம்பர் கல்யாணச் சேலையோடு வந்தாள். ஏழாம் நம்பர் தூக்குச்சட்டி நிறையப் புளியோதரை கொண்டுவந்தான். மாடத்தி வரிசையைச் சரிசெய்தபடி வந்தாள். கடைசியில் இசக்கிராஜா. அவன் இரும்பு. தோள் பக்கம் மாட்டிக்கொண்டான்.

"ஏல, பெயிண்ட் போயிராம இழுங்கல" என்றான்.

பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஸ்வெட்டரின் கை நீண்டுகொண்டே போய்த் தரையில் மடிந்து கிடந்தது. ஸ்டேஷனில் அவனுக்கு இரண்டு மணி நேரம் பர்மிஷன் கொடுத்திருந்தார்கள்.

கிளார்க் எண்ணினார். முப்பது.

"ரெண்டு பேருதான வேணும்னு சொன்னேன்?"

"எந்த ரெண்டு பேருங்கதுல சண்ட வந்துட்டு அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. "அதான் எல்லாரும் வந்துட்டோம்."

சாட்சிகள் உட்கார அங்கே ஒரு பெஞ்சு கிடந்தது. உட்கார்ந்தார்கள். பெஞ்சு போதுமான அளவு நீண்டது. பால்துரை மட்டும் ஓரத்தில் நின்றான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"கால் வலிக்குமால?" என்று கேட்டேன்.

"மொத வருஷம் வலிக்கும்" என்றான். "பெறகு பழகிரும்."

கிளார்க் விசாரணையை ஆரம்பித்தார். "இவருக்கு ஒண்ணும் நடக்கலங்கது ஒங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்" என்றான் ஸ்டீபன். "ஒருக்கா பனின்னான். ஒருக்கா பனி இல்லன்னான். அதுக்கு மேல நாங்களும் நோண்டல."

"அதுக்கு முந்தி?"

"அவன் அத்த வீட்டு ஆடு கெணத்துல விழுந்தத அஞ்சு தடவ வாசிச்சிருக்கான்" என்றாள் பதிமூன்றாம் நம்பர். "ஒவ்வொரு தடவையும் கை தட்டுனோம். நல்ல ஆடு."

கிளார்க் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். மையில் தொட்டார். அப்போதுதான் இசக்கிராஜாவைக் கவனித்தார். எழுந்து வந்து அவன்மேல் ஏறி நின்றார். உள்ளே சக்கரம் சுற்றியது. ஒரு அட்டை விழுந்தது. கிளார்க் சத்தமாக வாசித்தார்.

"எழுபத்தொரு கிலோ. மத்தியானம் சாப்பிடலியா வே?"

இரண்டு தடவை வாசித்துவிட்டு அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சாப்பிடல" என்றார்.

ஏழாம் நம்பர் தூக்குச்சட்டியைத் திறந்தான். மற்ற கவுண்டர்காரர்களும் வந்தார்கள். டீக்கடை தானாகவே இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. எல்லோரும் இசக்கிராஜாமேல் ஏறினார்கள். எல்லோருக்கும் அட்டை வந்தது. ஒருவருக்கு "அறுபது கிலோ. மீசை எடுத்துட்டேரா, நல்லாருக்கு" என்று வந்தது. இன்னொருவருக்கு எடையே வரவில்லை, "பெறகு சொல்லுதேன்" என்று மட்டும் வந்தது. மூன்றாம் கவுண்டர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததில் ஸ்வெட்டர் பொத்தான் ஒன்று அறுந்தது. நான் சரிபார்த்த பொத்தான்தான்.

நாலே முக்காலுக்குக் கிளார்க் கை கழுவிவிட்டு வந்து படிவத்தை நிரப்பினார். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. 'விண்ணப்பம் கொடுத்த நாளன்று ஏதேனும் நடந்ததா?'

அவர் பெஞ்சைப் பார்த்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். தரையில் கிடந்த ஸ்வெட்டர் கையைப் பார்த்தார்.

"வே, இவங்கள்லாம் யாரு?"

"என் கிளாஸு."

"எங்க இருந்து வந்தாவ?"

"ஸ்வெட்டர்ல இருந்து."

"எதுக்கு வந்தாவ?"

"எனக்கு ஒண்ணும் நடக்கலன்னு சொல்லதுக்கு."

அவர் பேனாவை மூடினார்.

"நடந்துட்டே வே."

வேறு ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். நிராகரிக்கப்பட்டது.

நான் மாடத்தியைப் பார்த்தேன். சான்று இல்லை. மணி நாலு ஐம்பது. இனி ஸ்டூல் தள்ளிப் போய்விடும் என்று நினைத்தேன்.

"என்னல முழிக்க?" என்றாள். "அதான் செய்தி கெடச்சிட்டுல்லா. மூணு வரிக்குள்ள எழுதிக்கோ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு நான் ஆள் கேட்டபோதே விளங்கியிருக்க வேண்டும். கேட்டால் சொல்ல மாட்டாள்.

பிறகு அவள் பால்துரை பக்கம் திரும்பினாள். "நீ என்னல நிக்க?"

"எனக்குச் செய்தி இல்லியே."

"நாகர்கோவில்ல இருந்து லூதியானாவுக்கு ஸ்வெட்டர் வழியா வந்திருக்க. அது என்னதாம்?"

பால்துரை யோசித்தான். "அது செய்தியா?"

"வாசிச்சா செய்திதான். இப்பவே வாசி."

அவன் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு வாசித்தான். "செய்திகள். வாசிப்பது ரோல் நம்பர் ஒன்பது. நான் வந்தேன். இத்துடன் செய்திகள் முடிந்தன."

கை தட்டினோம். பெஞ்சில் எல்லோரும் நகர்ந்தார்கள். இந்தத் தடவை வெளிப்பக்கமாக. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் வந்தது. பால்துரை முதலில் கையை ஊன்றிப் பார்த்தான். பெஞ்சு தள்ளிப் போகவில்லை. உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டான். நாலு வருஷத் தூக்கம்.

அஞ்சு மணிக்கு எல்லோரும் இடது கை வழியாகப் போனார்கள். வலது கை வருகிற வழி. பால்துரையை எழுப்பவில்லை. இசக்கிராஜாமேல் உட்கார வைத்து அனுப்பினோம். போகிற போக்கில் ஒரு அட்டை விழுந்தது. 'ரெண்டு பேரும் சேர்ந்து நூத்தி எண்பது கிலோ. வாரேன் மக்கா.'

திரும்பும்போது நடைபாதை பத்தடிதான் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு மணி அடித்தது. நான் எழுந்து நின்று வாசித்தேன். "செய்திகள். வாசிப்பது ரோல் நம்பர் இருபத்துமூன்று. நேற்று என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதற்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். புளியோதரை மிச்சம் இருக்கிறது. இத்துடன் செய்திகள் முடிந்தன." கை தட்டினார்கள். லூதியானாவில் பனி என்று ஸ்டீபன் சொன்னான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் அந்த ஸ்வெட்டரின் கைகளை அளந்தார். ஒவ்வொன்றும் பதினோரு அடி இருந்தது. அறுந்த பொத்தானைத் தைத்துப் பாஸ் போட்டேன்.