ஆறாவது மாடிக் காப்பி

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது காசாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், பெண் கேட்கப் போன பெரியப்பாவை லிஃப்ட்டில் மாட்டவைத்த பெருமை ராமிஸையே சேரும். தான் குடியிருக்கும் கடற்கரை அகதி முகாமின் கரண்ட் நேரத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவன், ருபாவின் தெருவுக்கு நேரமே வேறு என்பதைக் கோட்டை விட்டான். காதலித்தால் கொஞ்சம் மூளை கழன்றுதான் போகும்போல.

பெரியப்பா அபூ ஹாதிமுக்கு முட்டி தேய்ந்திருந்தது; உடம்பு தேயவில்லை. கூட வந்த பெரியவர்கள் படியேற, அவரும் ராமிஸும் லிஃப்ட்டில் ஏறினார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனது.

மேலே கதவை நெம்பித் திறந்தபோது, ஆறாவது மாடித் தரை பெரியப்பாவின் கழுத்துக்கு நேராக இருந்தது. இருந்த சந்தில் ராமிஸ் நெளிந்து வெளியேறிவிடலாம். பெரியப்பா வெளியேற வேண்டுமென்றால் கட்டடத்தைத்தான் இடிக்க வேண்டும்.

ருபாவின் அப்பா அபூ லபீப் பதறிப்போனார். "ருபா! ஜெனரேட்டர் சாவியக் கொண்டாம்மா!"

"ஆணியில காணோம் வாப்பா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேறு வழியில்லாமல் அபூ லபீப் காப்பியைக் கொண்டுவந்து, தரையில், பெரியப்பாவின் மூக்குக்கு நேராக வைத்தார். பெரியப்பா தொடவில்லை. பெண் கேட்டு வந்தவர் சம்மதம் கிடைக்காமல் காப்பியைத் தொடமாட்டார். தொடாமலே திரும்பிப் போய்விட்டால், வீட்டுக்காரர் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது.

"குடிங்க அபூ ஹாதிம், ஆறிடும்."

"ஆறட்டும். எங்க ராமிஸுக்கு உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கோம். நீங்க சரின்னா கப்பு காலி."

"பையன் நல்லவன்தான். ஆனா கடல்ல ஆறு மைலத் தாண்டினா ராணுவக்காரனுங்க படகச் சுடுறானுங்க. மீனெல்லாம் அதுக்கு அங்கிட்டு கிடக்கு. இவன் எதப் பிடிச்சு என் பொண்ணுக்குச் சோறு போடுவான்?"

"மீனு என்ன பர்மிட்டு பாத்தா நீந்துது? அதுவும் அப்பப்ப வழி தவறி இங்கிட்டு வரும்."

படியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். ராமிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அபூ லபீப் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் வலித்தது. இன்று இல்லையென்றால் ருபா அவனுக்கு என்றைக்கும் இல்லை.

"கரண்ட் வரட்டும், யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அபூ லபீப்.

"தாராளமா யோசிங்க. ஒரு தலகாணி மட்டும் குடுங்க, நாடி வைக்க."

அதற்குள் குடிதண்ணீர் கேனோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் எதிர்வீட்டு உம்மு சலாமா. பார்த்தவள் கேனை இறக்கிவைத்தாள்.

"ஏன்யா அபூ லபீப், அந்தக் காலத்துச் சண்டையில யாஃபா ஊர விட்டு வெறுங்கையோட ஓடி வந்த உங்க பாட்டனுக்கே இந்த ஊர்ல ஒருத்தரு வாசக்கதவத் திறந்துவிட்டாரு. நீ என்னடான்னா, வந்த மனுசனக் குழிக்குள்ள நிறுத்தியா பேரம் பேசுற?"

அபூ லபீப்பின் முகம் தொங்கிப்போனது. கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் ராமிஸின் பக்கம் குனிந்தார். "நீதான் ஒல்லியாச்சே, வெளிய வர வேண்டியதுதானே? உள்ள என்ன பண்ற?"

"கரண்ட்டு நேரத்தத் தப்பாப் பாத்தது நான்தான் மாமா. பெரிய வாப்பாவ மட்டும் விட்டுட்டு எப்படி வர்றது?"

அபூ லபீப் காப்பிக் கப்பைப் பெரியப்பாவின் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க அபூ ஹாதிம். பொண்ணக் குடுத்தாச்சு."

பெரியப்பா ஒரே மடக்கில் குடித்தார். குடித்த முகம் கோணிக்கொண்டு போனது. நல்ல தண்ணீர் தீர்ந்து, குழாயில் வரும் உப்புத் தண்ணீரில் போட்ட காப்பி. "அல்லா மேல ஆணையா, பிரமாதம்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கப்பு தரையைத் தொடவில்லை, அதற்குள் ருபா வாசலில் நின்றாள்.

"சாவி கிடைச்சிருச்சு வாப்பா. சர்க்கர டப்பாவுல இருந்துச்சு."

அபூ லபீப் சாவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"எதப் பிடிப்பேன்னு உன்னப் போய்க் கேட்டேன் பாரு," என்றார் ராமிஸிடம். "வலை போட்டது இவ. உள்ள கிடக்குறவன் நீ."

ராமிஸ் லிஃப்ட்டுக்குள் நின்றபடியே தலையாட்டினான். வெளியே வர அவனுக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை.