பன்னிரண்டு கத்தி

திருத்தணியில் அந்த நாளில் தெலுங்கு பேசினவர்கள் இரண்டு ரகம். வீட்டுக்குள் பேசினவர்கள் ஒரு ரகம், ஊர் பார்க்கப் பேசினவர்கள் இன்னொரு ரகம். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் கங்காதரன் இரண்டாவது ரகம். அவருக்குத் தாலாட்டுப் பாடினவள் திருவாலங்காட்டுக்காரி. பாடினதும் தமிழ்தான். ஆனால் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது, அதிகாரிகள் தும்மினால்கூடத் தெலுங்கில் தும்மினார்கள். ஆகவே தலைவராகி ஒரு வாரத்துக்குள் மனிதருக்குத் தமிழ் மறந்துவிட்டது. தெருநாயை விரட்டினாலும் தெலுங்கில்தான் விரட்டுவார். நாய்க்கு இரண்டு பாஷையும் தெரியும், ஓடிவிடும்.

யுத்த நிதிக்காகப் பள்ளிக்கூடத்தில் நாடகம் போடப் போகிறார்கள், சித்தூரிலிருந்து டிப்டி கலெக்டர் வருகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், தச்சன் வீராசாமியின் பட்டறைக்குக் கங்காதரன் குடையோடு வந்து நின்றார்.

"பன்னெண்டு கத்துலு காவாலி. செக்கதோ. டிராமாக்கி," என்றார். மரத்தில் பன்னிரண்டு கத்தி வேண்டும் என்று அர்த்தம். வீராசாமி தலையாட்டினான். சும்மா செய்துகொடுத்தால் அவன் மகளையும் நாடகத்தில் சேர்ப்பதாக ஒரு சலுகையையும் அவிழ்த்துவிட்டு, குடை போய்விட்டது.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி குப்பம்மாளுக்கு முறம் நின்றுவிட்டது.

மகள் பங்காருவுக்கு ஒன்பது வயது. அவள் கூப்பிட்டால் மலைமேல் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு குரல். மூன்று வருஷமாக ஒவ்வொரு நாடகத்துக்கும் கேட்டுப் பார்த்தாள். மேடை மண்டிக்காரர் பிள்ளைகளுக்கும் குமாஸ்தா பிள்ளைகளுக்கும் போனது. பங்காருவுக்குக் கிடைத்தது பெஞ்சு தூக்குகிற வேலை. பெஞ்சு அவள் அப்பன் செய்தது என்பதால் அந்த உரிமையாம். இந்த ஒரு தடவை பெண் மேடையேறிவிட வேண்டும், குப்பம்மாளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"இந்தாய்யா, கத்தின்னாரே, எந்தக் கத்தி?" என்றாள். அவள் நகரியில் பிறந்தவள். தெலுங்கு அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. "எங்க ஊர்ல வாளுக்கும் கத்தின்னுதான் பேரு, காய் நறுக்கறதுக்கும் அதான் பேரு. ஒரு வார்த்தை கேட்டுகினு வா."

"ஆறு வருசம் புத்தூர்ல வேலை செஞ்சவன் நானு. எனக்குத் தெலுங்கு சொல்லித்தர வந்துட்டியா?"

"கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

"தெரியாதவன்னு ஆயிடும். நீயும் போய்க் கேக்காதே, என் மானம் போயிடும்." அவன் உளியை எடுத்தான். "யோசிச்சுப் பாரு. நம்ம பொண்ணுக்கு வேசம்னா என்னா குடுப்பான்? ராஜா வீட்டு சமையக்கட்டுல குந்த வெப்பான். அதுக்குத்தான் கத்தி."

"பன்னெண்டு பேரு குந்திகினு காய் நறுக்கற நாடகமா? ராஜா வீட்ல அருவாமனை கெடையாதா?"

"தொரைங்க பாக்கற நாடகம். தொரை வீட்ல ஏது அருவாமனை?"

இதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? கல்யாண முருங்கை மரத்தை அறுத்து, இழைத்து, பன்னிரண்டு கத்தி செய்தான். வேலையில் குற்றம் சொல்ல முடியாது. சிகரெட் பெட்டி வெள்ளிக் காகிதத்தை அலகில் ஒட்டினான். பிடியில் மூன்று ஆணி மாதிரி மூன்று கறுப்புப் பொட்டு வைத்தான். பார்த்தால் வெங்காயம் தானாக அழும்.

நாடகத்தன்று, சனிக்கிழமை சாயங்காலம், மூன்று பேருமாகப் போய் மூட்டையைப் பள்ளிக்கூட வாசலில் அவிழ்த்தார்கள். கங்காதரன் ஒன்றை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"டேய், என்னாடா இது?" என்றார்.

மறந்துபோன தமிழ் ஓடி வந்துவிட்டது பாருங்கள்.

"கத்திங்க," என்றான் வீராசாமி.

"யுத்த நாடகம்டா! படைக்கு வாள் கேட்டா கத்திரிக்கா நறுக்கற கத்தியைக் கொண்ணாந்துகீறே! போ, உன் பொண்ணுக்கு வேசமும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

பங்காரு அழவில்லை. கையிலிருந்த கத்தியை மட்டும் கீழே வைக்காமல் நின்றாள். அதைப் பார்த்த குப்பம்மாள் மூட்டையை மறுபடி முடிச்சுப் போட்டாள்.

"சரிங்க. பொண்ணு ஏறலன்னா கத்தியும் ஏறாது. உங்க படை வெறுங்கையை வீசிகினு சண்டை போடட்டும்."

அதே நேரத்தில் டிப்டி கலெக்டரின் கார் உள்ளே நுழைந்தது. இறங்கியவர் மூட்டையையும், சிவந்த முகத்தோடு நின்ற தலைவரையும் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். கங்காதரன் வாயைத் திறப்பதற்குள் குப்பம்மாள் நகரித் தெலுங்கில் நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தாள்.

டிப்டி கலெக்டர் ஒரு கத்தியை எடுத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கினதில் அவருக்கு மீசை துடித்தது. கங்காதரனிடம் திரும்பி, நல்ல தமிழில் கேட்டார்.

"வாள் என்று சொல்லியிருக்கலாமே. ஏன், உங்களுக்குத் தமிழ் வராதா?"

கங்காதரன் குடையை விரித்தார். வெயில் இல்லை. மறுபடி மடக்கினார். பிறகு குப்பம்மாளைப் பார்க்காமல், "ஏத்து, ஏத்து," என்றார். அதைத் தமிழில்தான் சொன்னார்.

நாடகம் நடந்தது. ராஜா கங்காதரனின் மகன். அவனுக்கு மட்டும் சென்னப்பட்டணத்திலிருந்து வாள் வந்திருந்தது. ராஜாவைவிட வாள் நாலு விரல் நீளம். உறையிலிருந்து பாதிதான் வந்தது, மீதி வரமாட்டேன் என்றது. அவன் அதோடு மல்லாடிக்கொண்டே, "படையே, ஆயுதம் ஏந்து!" என்றான். பன்னிரண்டு காய்கறிக் கத்தி மேலே எழும்பியது.

"வெங்காயம் ஒரு மூட்டை அனுப்பட்டுமா, மகாராஜா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கூட்டம் உருண்டது. டிப்டி கலெக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். படையில் பதினொரு பேர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். பங்காரு மட்டும் கத்தியை இறக்கவில்லை. தனக்கென்று இருந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

"ஜயம்!"

சிரித்த கூட்டம் திடுக்கிட்டு அடங்கியது. அந்த அமைதியில் ராஜாவின் உறை 'டப்'பென்று கழன்று விழுந்தது.

திரும்பி வரும்போது வீராசாமிக்கு மார்பு நிமிர்ந்திருந்தது. "கத்தின்னா கத்திதான்னு அப்பவே சொன்னேனா இல்லியா?" என்றான்.

பங்காரு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி குப்பம்மாள் மெள்ளக் கேட்டாள்.

"அது கெடக்கட்டும்யா. நம்ம பொண்ணுக்கு வேசம்னதும் சமையக்கட்டுதான்னு உனக்கு எப்பிடித் தோணிச்சி?"

வீராசாமி நடந்தான். நந்தியாற்றுப் பக்கம் திரும்பும்வரை நடந்தான். பதிலை ஆறு வருஷத்துத் தெலுங்கிலும் தேடினான், அப்பன் வீட்டுத் தமிழிலும் தேடினான்.

"நைனா," என்று பங்காரு முன்னாலிருந்து கூப்பிட்டாள். "அடுத்த வாட்டி எனக்கு நெஜமான வாள் செஞ்சு குடு."

"ஆங்," என்றான். பிறகு அவனே கேட்டான்.

"எவ்ளோ நீளம்மா வேணும்?"