குனியாத தண்டு

தைசியாவின் தோட்டத்து ராஸ்பெர்ரித் தண்டுகள் அக்டோபரில் தாமாகவே படுத்துக்கொள்ளும். முதல் பனி விழுவதற்கு முந்தைய நாள், மதியத்துக்குள், எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துவிடும். எங்கள் அல்தாய் மலையடி ஊரில் மற்றவர்கள் தண்டுகளை வளைத்துப் பலகை போட்டு அமுக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். பனிக்குள் கிடக்கும் தண்டு மைனஸ் நாற்பது டிகிரியையும் தாங்கும்; வெளியே நீட்டிக்கொண்டிருப்பது செத்துப்போகும். ஆகவே அவளுடைய தண்டுகள் படுத்ததைப் பார்த்துத்தான் ஊரே முட்டைக்கோஸ் அறுக்கும். அதை யாரும் அதிசயம் என்று சொன்னதில்லை, சௌகரியம் என்றுதான் சொன்னோம்.

அவள் கணவன் எஃபீம் பைன் கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போய், சொன்ன தேதிக்குத் திரும்பாத ஆண்டில், ஒரு தண்டு மட்டும் படுக்கவில்லை. ஆகஸ்டிலேயே காய்ப்பு ஓய்ந்த தோட்டத்தில் அதன் நுனியில் ஒரே ஒரு பழம் சிவந்து நின்றது. பனி முழங்கால்வரை ஏறியும் பழம் சுருங்கவில்லை. தைசியாவுக்கு அதைக் கவனிக்க மனம் இல்லை. நாய் குரைத்தால் கதவைத் திறந்தாள், குரைக்காவிட்டாலும் திறந்தாள்.

அவன் சொன்ன தேதி கடந்த பதினோராம் நாள் பக்கத்து வீட்டு கிளஃபீரா வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏண்டி, ஒத்தைத் தண்டை வளைக்கக்கூட உனக்குத் தெம்பில்லையா? அவன் நட்ட செடி. வந்து கேட்டா, சாக விட்டுட்டேன்னா சொல்லப்போற?"

'வந்து கேட்டா' என்பது மட்டும்தான் தைசியாவின் காதில் விழுந்தது. உடனே போய்த் தண்டை வளைத்தாள். அது நிமிர்ந்தது. முட்டைக்கோஸ் உப்புநீரில் ஊறும் பீப்பாயிலிருந்து, அது மிதக்காமல் அமுக்கிய பாரக்கல்லைத் தூக்கி வந்து அதன்மேல் வைத்தாள். பழம் பனிக்குள் புதைந்தது. மறுநாள் காலையில் பீப்பாயில் முட்டைக்கோஸ் மிதக்கத் தொடங்கியிருந்ததால், கல்லைத் திரும்ப எடுக்கப் போனாள். எடுத்ததும் தண்டு விருட்டென்று எழுந்தது. அன்று மதியம் எஃபீம் வந்து சேர்ந்தான்.

கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "வழி தவறிப்போச்சு தைசியா. பத்து நாளா தூரத்துல சிவப்பா ஒரு புள்ளி தெரிஞ்சுது, அதப் பாத்துக்கிட்டே நடந்தேன். நேத்து மட்டும் காணோம். சுத்திச் சுத்தி அதே மரத்துக்கிட்டயே வந்து நின்னேன். அங்கதான் கால் விறைச்சுது."

தைசியா கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எஃபீம் அந்தப் பழத்தைப் பறித்துத் தின்றான். தண்டு அன்றே படுத்துக்கொண்டது. அவனுடைய இடது காலில் இரண்டு விரல்கள் போயின. இப்போது காட்டுக்கு ஆள் போன வீடுகளில் ஒரு தண்டை வளைக்காமல் விடுவது எங்கள் ஊர் வழக்கம். அவன் இடது காலுக்கான காலுறையைத் தைசியா இரண்டு விரல் குறைத்துப் பின்னுகிறாள். முட்டைக்கோஸைத் தண்ணீர் நிரப்பிய ஜாடி வைத்து அமுக்குகிறாள். நல்ல கல் ஒன்று வேலிக்கு வெளியே சும்மா கிடப்பது ஏன் என்று எஃபீம் இதுவரை கேட்டதில்லை.